கோபுரம் இல்லாத அலைக்கற்றை

ஒரு செல்போன் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், அதே பழைய வாதம் மறுபடி கிளம்பிவிடும். இரண்டு பேரிடம் பிரிந்து கிடந்த அலைக்கற்றை ஒரே கையில் சேரும், சேர்ந்தால் நெட்வொர்க் பலப்படும், இதுவரை எட்டாத இடத்துக்கும் சிக்னல் எட்டும் என்பார்கள். பொருளாதார நாளிதழ்கள் இதை மெகாஹெர்ட்ஸ் கணக்கோடு எழுதும். திருப்பூர் டீக்கடையில் "பெரிய கம்பெனி வாங்குனா டவர் நல்லாக் கிடைக்குமுங்க" என்று பேசிக்கொள்வார்கள். வோடஃபோன் ஐடியாவின் கடன் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அதை பிஎஸ்என்எல்லோடு சேர்த்துவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் முன்வைப்பதும் இதே நியாயத்தைத்தான்.

இந்த நியாயம் தவறு. பாதி உண்மை என்றுகூட இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்தவை இதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன. அதன் விலையைக் கொடுத்தவர்களில் திருப்பூர்ப் பனியன் தொழிலாளியும் சிறு ஜாப் ஒர்க் முதலாளியும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அலைக்கற்றை என்பது குறிப்பிட்ட அலைவரிசையில் ஒலிபரப்ப அரசு தரும் உரிமை. ஏலத்தில் பணம் கட்டினால் அந்த உரிமை கைக்கு வரும். ஆனால் அவினாசிக்கும் பெருமாநல்லூருக்கும் நடுவே ஒருவருடைய போனில் மணி அடிக்க வேண்டுமென்றால், அருகில் கோபுரம் நிற்க வேண்டும். அதில் ஆன்டெனா இருக்க வேண்டும், கோபுரம் வரை கண்ணாடி இழைக் கம்பியோ மைக்ரோவேவ் இணைப்போ வந்திருக்க வேண்டும், மின்சாரம் போனால் பேட்டரியும் டீசலும் கைகொடுக்க வேண்டும், இடத்துக்காரருக்கு வாடகை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிடங்கில் நூல் கோன் மலைபோலக் குவிந்திருந்தாலும் நிட்டிங் மெஷின் ஓடாமல் ஒரு கெஜம் துணி இறங்காது என்பது இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமில்லை. அலைக்கற்றை விஷயத்தில் மட்டும் கிடங்கைக் காட்டித் துணி வந்துவிட்டதாகச் சொன்னால் நாம் தலையாட்டுகிறோம்.

ஏர்செல் கதையை எடுத்துக்கொள்ளலாம். சிவசங்கரன் தொடங்கி 1999இல் தமிழ்நாட்டில் காலூன்றிய நிறுவனம் அது. 2006இல் மலேசியாவின் மேக்சிஸ் 74 சதவீதப் பங்கை வாங்கியது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த நெட்வொர்க். 2010 ஜனவரியில் ஏர்செல் தன்னுடைய 17,500 கோபுரங்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்குச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு விற்பதாக அறிவித்தது. அதே ஆண்டு நடந்த ஏலங்களில் 13 தொலைத்தொடர்பு வட்டங்களுக்கு 3ஜி அலைக்கற்றையும், 8 வட்டங்களுக்கு 2300 மெகாஹெர்ட்ஸ் அகன்ற அலைவரிசையும் வாங்கியது. இரண்டாவதற்கு மட்டும் கட்டிய தொகை 3,438 கோடி. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டு வட்டத்துக்கானது.

கோபுரத்தை விற்று அலைக்கற்றையை வாங்கிய ஆண்டு அது. மெகாஹெர்ட்ஸை எண்ணிப் பலம் பார்ப்பவர்களின் கணக்கில் அன்று ஏர்செல் கொழுத்த நிறுவனம். ஆனால் அந்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையால் சாதாரண வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கணக்கில் பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை. 2016 ஏப்ரலில் அந்த 8 வட்டங்களின் உரிமையையும் சுமார் 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்கு விற்க ஒப்பந்தமானது. தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம், வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர் என்று அந்தப் பட்டியலைப் படித்தால் திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்று உடனே தென்படும். இந்த ஊருக்கு வேலை தேடி ரயிலில் வந்து இறங்குபவர்களின் மாநிலங்களில் பாதிக்கு மேல் அதில் இருக்கின்றன. ஒடிசாக்காரத் தொழிலாளி இங்கே பேசினாலும் அவருடைய அம்மா அங்கே பேசினாலும், கைமாறியது அவர்கள் தலைக்கு மேலிருந்த உரிமை. ஒரு கோபுரம்கூட அதனால் ஏர்செல் வாடிக்கையாளர் பக்கம் நகர்ந்து வரவில்லை.

2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் இணைவதாக அறிவித்தன. இரண்டின் அலைக்கற்றையும் சேர்ந்தால் நாட்டிலேயே பெரிய இருப்புகளில் ஒன்றாகும் என்று அன்று பெருமையாக எழுதினார்கள். 2017 அக்டோபர் 1 அன்று அந்த இணைப்பு கைவிடப்பட்டது. 2018 ஜனவரி இறுதியில் ஏர்செல் ஆறு வட்டங்களில் கடையை மூடியது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் அதன் போன்கள் ஒவ்வொரு பகுதியாகச் செத்தன. காரணம் அலைக்கற்றை தீர்ந்துபோனது இல்லை. கோபுர நிறுவனத்தோடு பாக்கித் தகராறு, அதனால் கோபுரங்கள் அணைக்கப்பட்டன. உரிமம் உயிரோடு இருந்தது, அரசுப் பதிவேட்டில் மெகாஹெர்ட்ஸ் அப்படியே இருந்தது, சிக்னல் மட்டும் இல்லை. அலைக்கற்றை இருப்புதான் கவரேஜ் என்று சொல்பவர்கள் அந்த வாரத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அது விதிவிலக்கு என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

அந்த வாரம் எப்படி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பி ஒரு குறியீடு வாங்க வேண்டும். எஸ்எம்எஸ் போக சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தான் ஒருவர் மாறவே நினைக்கிறார். வெளியேறும் கதவின் சாவி பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு வேறு வழி ஏற்படுத்தும் வரைக்கும், கடைகளின் முன்னால் ஆதார் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வங்கிக் கணக்கும் பி.எஃப். கணக்கும் கேஸ் இணைப்பும் அந்த ஒரே எண்ணில் கட்டப்பட்டிருந்தன. பிப்ரவரி இறுதியில் ஏர்செல் திவால் மனு போட்டது. அதன் மிச்ச அலைக்கற்றை யாருக்குச் சொந்தம், வங்கிகளுக்கா அரசுக்கா என்ற வழக்கு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியது.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். இணைப்பு நடக்காததுதானே கேடு, நடந்திருந்தால் வாடிக்கையாளர் தப்பியிருப்பாரே என்பார்கள். இணையவிருந்த இன்னொரு தரப்பின் கதையைப் பார்த்தாலே இது நிற்காது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 டிசம்பர் தொடக்கத்திலேயே தன் செல்போன் குரல் சேவையை நிறுத்திவிட்டது, பிறகு அதுவும் திவால் வழக்குக்குள் போனது. இரண்டு கடன்காரர்கள் கைகோத்தால் கடன்தான் கூடும். கோபுர வாடகை கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

இணைப்பு முழுமையாக நடந்து முடிந்த இடத்தையும் பார்த்துவிடலாம். 2018 ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 40 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், நாட்டின் முதல் இடம், அலைக்கற்றை இருப்பிலும் முன்னணி. மெகாஹெர்ட்ஸ் வாதம் சரியென்றால் அடுத்த சில ஆண்டுகளில் அதுதான் நாட்டின் மிகச் சிறந்த நெட்வொர்க்காக ஆகியிருக்க வேண்டும். இன்று அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதி. நிலுவைத் தொகைகளைப் பங்குகளாக மாற்றி மாற்றி, 2025 ஏப்ரலில் மத்திய அரசின் பங்கு சுமார் 49 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இணைப்பை அறிவித்தபோதே ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றார்கள். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வர முடியும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நெட்வொர்க் செலவில்தான் வரும். இருவருக்கும் இருந்த தளங்களில் ஒன்றைக் கைவிட்டால் வாடகையும் டீசலும் மிச்சம். இரண்டு பேரும் ஒரே கோபுரத்தில் இருந்த இடத்தில் ஒன்று போனால் இழப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் இன்னொருவர் என்று இருந்த இடத்தில் ஒன்றை இறக்கினால் நடுவிலிருக்கும் சந்துகள்தான் அடிபடும். கோபுரத்துக்கு எத்தனை வாடகைதாரர்கள் என்ற சராசரியைக் கோபுர நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. பாரதி இன்ஃப்ராடெல்லின் கணக்கில் இரண்டுக்கு மேலிருந்த அந்தச் சராசரி, இந்த இணைப்புகள் நடந்த காலத்தில் இரண்டுக்குக் கீழே இறங்கியது. அலைக்கற்றை ஒரு கையில் சேர்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் கோபுரங்களில் ஆன்டெனாக்கள் கழற்றப்பட்டுக்கொண்டிருந்தன. ஏர்டெல் டாடா டெலிசர்வீசஸின் செல்போன் தொழிலை எடுத்துக்கொண்டபோதும் பேச்செல்லாம் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் 178.5 மெகாஹெர்ட்ஸும்தான். டாடாவின் கோபுரத் தளங்கள் எந்தெந்த ஊரில் நிற்கும், எங்கே போகும் என்று ஒரு மாவட்டத்துக்காவது பொதுவெளியில் பட்டியல் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கே திருப்பூரின் கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கலம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பவர்டேபிள் யூனிட். சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர், மேலே தகர ஷீட், வெளிச்சத்துக்கு அங்கங்கே ஃபைபர் தகடு. உள்ளே ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் வரிசையாக ஓடுகின்றன, ஓர் ஓரமாகச் செக்கிங் மேஜை. ஈ-வே பில் போட உட்கார்ந்த கணக்குப் பிள்ளை, "அண்ணா, ஓ.டி.பி. வந்துதுங்களா?" என்று கேட்கிறார். சூப்பர்வைசர் பதில் சொல்லாமல் போனைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடக்கிறார். எண்ணை அங்கிருந்து கத்திச் சொல்கிறார். உள்ளே தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிடுகிறது, மறுபடி நடக்கிறார். சனிக்கிழமைச் சம்பளத்தை ஜிபேயில் போடும்போதும் இதே நடைதான். சில யூனிட்டுகளின் கூரைமேல் ஒரு சின்ன ஆன்டெனாவைப் பார்க்கலாம். கடையில் வாங்கி மாட்டிய பூஸ்டர். அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் சிக்னலையும் அது கெடுக்கும். வேறு வழி தெரியாமல் மாட்டியிருக்கிறார்கள்.

தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஜன்னல், கேட், கூரையின் இடைவெளி இவற்றின் வழியாக எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், வளைந்து நுழைவதிலும் கொஞ்சம் கெட்டி. 2300 மெகாஹெர்ட்ஸ் தூரத்திலேயே சோர்ந்துவிடும், சுவரைத் தாண்டும்போது இன்னும் சோரும். அது அதிக டேட்டாவைச் சுமக்கும், ஆனால் கோபுரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆக, ஏர்செல்லிடமிருந்து ஏர்டெல்லுக்குப் போன அந்த அலைக்கற்றை, பேருந்து நிலையத்தின் அருகில் நிற்பவருக்கு வீடியோவை வேகமாக இறக்கித் தந்திருக்கலாம். ஊத்துக்குளிப் பக்கம் கடைசிக் கோபுரத்துக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கும், தகர ஷெட்டுக்குள் நிற்கும் செக்கிங் அக்காவுக்கும் அதனால் பெரிதாக எதுவும் மாறியிருக்க வழியில்லை. இருப்பு என்று கூட்டும்போது எல்லா மெகாஹெர்ட்ஸையும் ஒரே எடையாகப் போடுவதே முதல் பிழை.

பெரிய அலைக்கற்றைத் தொகுதி ஒன்றாகச் சேர்ந்தால் வேகம் கூடும் என்று எதிர்த்தரப்புப் பொறியாளர்கள் சொல்வது சரி. ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸாக நாலு பேரிடம் துண்டுபட்டுக் கிடப்பதைவிட இருபதாகச் சேர்ந்து இருப்பது மேல். இரவு எட்டரைக்கு வேலை முடிந்து லைன் வீடுகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் போடும்போது அது உதவும். ஆனால் அது ஏற்கெனவே சிக்னல் இருக்கும் இடத்தின் நெரிசலுக்கு மருந்து. சிக்னலே இல்லாத இடத்துக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கொள்ளளவையும் பரப்பையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் இந்த வாதம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஒய்-ஃபை இருக்கிறதே என்பவர்களும் உண்டு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இருக்கிறது. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவரிடம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டையிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்குத் துணி ஏற்றிப் போகும் வேன் டிரைவருக்கு எந்த ஒய்-ஃபை? ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அந்த ஏற்றுமதி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், பவர்டேபிள், காஜா பட்டன், அயர்னிங் என்று துணி ஊரெல்லாம் சுற்றித்தான் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது.

அலைக்கற்றை இருப்பையே கவரேஜாக எண்ணும் பிழையைத்தான் விதிகளும் செய்கின்றன. தமிழ்நாடு முழுவதும் சென்னையோடு சேர்த்து ஒரே வட்டம். அலைக்கற்றை உச்சவரம்பு, சந்தைப் பங்கு எல்லாம் அந்த வட்டத்தின் கணக்கு. 2014இல் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட இணைப்பு விதிகள் சந்தைப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டுகிறதா, அலைக்கற்றைப் பங்கு வரம்பை மீறுகிறதா, பாக்கி கட்டியாயிற்றா என்று பார்த்தன. இணைந்த பிறகு எந்த ஊரில் சிக்னல் குறையும் என்று அவை கேட்கவில்லை. 2018 மார்ச்சில் மொத்த அலைக்கற்றை வரம்பை 25 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்த்தினார்கள். ஏர்செல் கோபுரங்கள் அணைந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது.

2010 ஏலத்தின் 3ஜி நிபந்தனை இன்னும் வெளிப்படையானது. ஐந்து ஆண்டுகளில் வட்டத்திலுள்ள மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்டினால் போதும். ஓர் ஊரை எட்டியதாகக் கணக்கிட, நகர எல்லைக்குள் 90 சதவீதப் பரப்பில் தெருவில் சிக்னல் கிடைக்க வேண்டும். தெருவில். மேலே சொன்ன சூப்பர்வைசர் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் சிக்னல் கிடைத்துவிடுகிறது, ஆகவே அரசுக் கணக்கில் அவருக்குக் குறை ஏதும் இல்லை. திருப்பூர் மாவட்டம் உருவானது 2009இல். அந்தப் புது மாவட்டத் தலைநகரை அடியோடு விட்டுவிட்டுக்கூட ஒரு நிறுவனம் இந்த நிபந்தனையை நிறைவேற்றியிருக்க முடியும்.

இந்தப் பகுதியில் சிக்னல் உண்மையிலேயே ஒரே மூச்சில் மேம்பட்ட காலம் எது என்று பழைய ஆட்களைக் கேட்டால் ஜியோ வந்த காலத்தைச் சொல்வார்கள். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கும் முன்பே ஆண்டுக்கணக்கில் புதிதாகக் கோபுரமும் கம்பியும் போட்டார்கள். அதனிடமும் தாழ்ந்த அலைவரிசை இருந்தது, அதில் ஒரு பகுதி கைமாறி வாங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய மெகாஹெர்ட்ஸை ஏற்றிவிடக் கோபுரங்களைக் கட்டிக்கொண்டு வந்த புதிய போட்டியாளர் அது. அதற்குப் பதில் சொல்ல மற்றவர்களும் 4ஜி தளங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. அன்று இருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, இன்று தனியார் மூன்று, அரசு ஒன்று. 2024 ஜூலையில் தனியார் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தினார்கள். மாற்றிக்கொள்ள எண் இருக்கிறது, போய்ச்சேர இடம் குறைந்துவிட்டது.

இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இணைப்புக்குப் பிறகான கவரேஜைச் சட்டப்படியான கடமையாக ஆக்க முடியும், வெளிநாடுகளில் ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டி-மொபைல் ஸ்பிரிண்டை 2020 ஏப்ரலில் எடுத்துக்கொண்டபோது, மூன்று ஆண்டுகளில் மக்கள்தொகையில் 97 சதவீதத்துக்கும் ஆறு ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் 5ஜி எட்ட வேண்டும், கிராமப்புறத்துக்குத் தனியாக 85, 90 சதவீதம் என்று எழுதி வாங்கினார்கள். வண்டியில் சுற்றி அளந்து நிரூபிக்க வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும். பிரிட்டனில் வோடஃபோனும் த்ரீயும் இணைய 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது, எட்டு ஆண்டுகளுக்கான நெட்வொர்க் திட்டத்தைச் சட்டப்படியான கடமையாக்கினார்கள். ஒரே வோடஃபோன்தான். அங்கே அதனிடம் எழுதி வாங்கியதை இங்கே 2018இல் கேட்கவில்லை.

இப்போது கேட்பதற்குக் கருவிகளும் இருக்கின்றன. டிராய் 2024இல் சேவைத் தர விதிகளைக் கடுமையாக்கியது, நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்றாக்கியது. அந்த வரைபடமும் வெட்டவெளியின் கணக்குத்தான் என்றாலும், தொடங்க அது போதும். அடுத்த இணைப்போ விற்பனையோ வரும்போது, அதில் அரசே பெரும் பங்குதாரராக இருக்கப்போகிறதென்றால் இன்னும் உறுதியாக, திருப்பூர் மூன்றைக் கேட்க வேண்டும். இரு நிறுவனங்களின் தளங்களும் எங்கெங்கே உள்ளன, எவற்றை இறக்கப் போகிறார்கள் என்ற பட்டியல் ஒப்புதலுக்கு முன்பே மாவட்டவாரியாக வெளிவர வேண்டும். மாற்றுத் தளம் இயங்கத் தொடங்காமல் எந்தத் தளத்தையும் அணைக்கக் கூடாது. அளவெடுப்பது தெருவோடு நிற்காமல் முதலிபாளையம் சிட்கோவிலும் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவிலும் மங்கலம் சாலைச் சந்துகளிலும், தகர ஷெட்டின் உள்ளே, மெஷின் ஓடும் நேரத்தில் நடக்க வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் கூலிப் பேச்சுவார்த்தையில் எதிரெதிரே உட்காருபவர்கள். இந்த மனுவில் இரு தரப்பும் சேர்ந்தே கையெழுத்துப் போடலாம், ஏனென்றால் ஓ.டி.பி. வராதபோது சம்பளம் போடுபவரும் காத்திருக்கிறார், வாங்குபவரும் காத்திருக்கிறார்.